அம்மாவின் கைபடாத இடம்

மீன் பெட்டியின் ரெஜிபோம் மூடியை, அந்த வெள்ளை நுரை அட்டையை, வெட்டிச் செய்த ஒரு கைத்துப்பாக்கியைத் தம்பி என் தையல் மெசினின் மேல் வைத்தான். பிடியின் ஓரமாகப் பேனாவால் கோடு போட்டு அளவு எழுதியிருந்தான். கையில் எடுத்தால் பாரமே இல்லை. இறால் மணம் லேசாக வந்தது. "உண்மையான துவக்கை உன்ர வீட்டில வெளியில எடுக்கமாட்டன் அக்கா. இந்த அளவுக்கு ஒரு கவர் தைச்சுத் தா" என்றான். பள்ளிக்கூடச் சீருடையும், கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டையும் தைக்கிறவளிடம் இப்படியொரு வேலை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

போர் முடிந்து, முசலிக் கரையில் எங்களுடைய ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்னபோது அம்மா தனியாகத்தான் போனார். முதலில் தறப்பாள் கூடாரம், பிறகு தகரக் கொட்டில், அதற்குப் பிறகு வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறை. நான் மன்னார் தீவில், தோட்டவெளியில், கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தேன். இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் குடும்பம் வாடகைக்கு இருந்த அதே வீடு. என்னோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டேன். "நீ இஞ்ச இரு. நான் அங்க இருக்கிறன். உன்ர அண்ணா எந்தப் பக்கம் வந்தாலும் வாசல்ல ஒரு ஆள் நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எனக்கும் அந்த வாடகை வீட்டை விட முடியவில்லை.

போர்க் காலத்தில் அண்ணாவைக் கொண்டுபோனது அந்த வீட்டில் வைத்துத்தான். அன்று நான் நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் இருந்தேன். தம்பி விடுதியில் இருந்து படித்தான். வீட்டில் அம்மாவும் அண்ணாவும் மட்டும். "கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாங்கள். பிடிச்சு இழுத்துக்கொண்டு போனாங்கள். நான் ஒழுங்கை முடிஞ்சு றோட்டு வருமட்டும் பின்னால ஓடினனான்." அம்மா சொல்வது அவ்வளவுதான். பங்குத்தந்தையிடமும், அரசாங்கக் கந்தோர்களிலும், பிறகு நடந்த விசாரணைகளிலும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். வந்தவர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. நானோ தம்பியோ எங்கே போய் வந்தாலும் கட்டிப்பிடிப்பார். சும்மா தொட்டுவிட்டு விடுகிற பிடி அல்ல. மனதுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடியும்வரை விடமாட்டார். தம்பி நெடுவல். அம்மாவின் தலை அவன் நெஞ்சுக்குத்தான் வரும். கைகள் இடுப்பைச் சுற்றி முதுகில் போய் நிற்கும். வளர்ந்த பிறகும் அவன் கூச்சப்படாமல் நிற்பான். கண்ணை மூடிக்கொள்வான்.

தமிழ் தெரிந்த பிள்ளைகளைப் பொலிசுக்கு எடுத்தபோது அவன் சேர்ந்தான். அண்ணாவைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை பொலிசுக்குப் போவதா என்று ஊருக்குள் கதை எழும்பியது. அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "மேசையில இருந்து எங்கட சனத்தின்ர முறைப்பாட்டைத் தமிழில எழுதுற வேலை" என்று அயலட்டைக்குச் சொல்லிக்கொண்டார். ஒரு வருடம் அந்த வேலையைத்தான் செய்தான். பிறகு ஓர் அரசியல்வாதியின் மெய்க்காவலுக்கு அவனை மாற்றினார்கள். சாதாரண உடுப்பு, சேட்டுக்குள்ளே துவக்கு. எனக்கு மட்டும் சொன்னான். லீவில் வரும்போது துவக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் வருவான். ஆனால் அந்த ஐயா எங்கள் பக்கம் கூட்டத்துக்கு வரும் நாட்களில், வேலைக்கு நடுவே அரைமணி அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்க ஓடிவருவான். அப்போது அது இடுப்பில் இருக்கும்.

முதல் தடவை அப்படி வந்தபோது அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை விரித்துக்கொண்டு வந்தவரை, தம்பி ஓரடி பின்னால் போய், இரண்டு மணிக்கட்டிலும் பிடித்து நிறுத்தினான். அம்மா தன்னுடைய கையையே பார்த்தார். "என்ன தம்பி, அம்மாவில மீன் மணக்குதோ?" என்று கேட்டார். "இல்லையம்மா, எனக்கு வேர்வை" என்றான். அடுத்த முறை அவன் வருகிறான் என்று போனில் சொன்னதும் அம்மா கிணற்றடியில் தலைமுழுகி, பூசைக்குக் கட்டுகிற சாறியைக் கட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வாசற் படலையில் நின்றார். அன்றும் அவன் பின்னால்தான் போனான். அம்மா விரித்த கையைச் சாறித் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த கிழமை அவன் அந்த ரெஜிபோம் துவக்கோடு என்னிடம் வந்தான். கந்தோரில் கொடுத்த தோல் உறை இடுப்பெலும்பில் உரசி, கைவிரல் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. வாகனத்தில் மணிக்கணக்காக இருந்தால் பிடி விலாவில் குத்துமாம். கொழும்பில் நைலோனில் ஒன்று வாங்கினான். அது வேர்வையில் ஊறி நாறியது. தோளில் மாட்டுகிற பட்டியைப் போட்டால் மேலே கோட்டு வேண்டும். மன்னார் வெயிலில் கோட்டுப் போட்டவனைச் சின்னப்பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். கணுக்காலில் கட்டியதோ மணலில் நாலடி நடப்பதற்குள் செருப்புக்கு இறங்கியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "நோவு எனக்குப் பெரிசில்லை அக்கா. எங்க கட்டினா அம்மாவின்ர கை படாது? அந்த இடத்தில கட்டவேணும்" என்றான்.

இரண்டாவது பிள்ளையை வயிற்றைக் கீறி எடுத்தபிறகு நான் கட்டியிருந்த அகலமான இலாஸ்டிக் பட்டி அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்தேன். பழைய புத்தகப் பையின் தடித்த துணியில் பொக்கற் தைத்தேன். வேர்வை உள்ளே போகாமல் ரெக்சின் வைத்தேன். விசை வருகிற இடத்தை எதுவும் அமர்த்தக்கூடாது என்று அவன் பலமுறை சொன்னதால், செருப்புத் தைக்கிறவரிடம் போய் ஒரு தடித்த தோல் துண்டு வாங்கி அங்கே மூடிப் பதித்தேன். மெசின் ஊசி இரண்டு முறிந்தது. முதலில் முன்வயிற்றில் கட்டினோம். "என்னைக் கட்டிப்பிடிச்சுப் பார் அக்கா, அம்மா பிடிக்கிற மாதிரி" என்றான். முழங்காலை மடித்து அம்மாவின் உயரத்துக்குக் குனிந்து பிடித்தேன். ரெஜிபோம் என் வயிற்றில் முட்டியது. பின்னால் கட்டினோம், என் விரல் அதன் மேலேயே போய் நின்றது. பக்கத்தில் கட்டினோம், முழங்கை இடித்தது. பட்டியைப் பிரித்து ஒடுக்கி, அக்குளுக்குக் கீழே, இடது விலாவோடு இறுக்கி, பெனியனுக்கு உள்ளே கட்டினோம். மறுபடியும் குனிந்து பிடித்தேன். ஒன்றுமே தட்டுப்படவில்லை. தம்பியின் முதுகும் அவன் நெஞ்சு அடிப்பதும் மட்டும்தான். அண்ணா போன பிறகு நான் அவனைக் கட்டிப்பிடித்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

அவன் அதைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் போன அன்று நானும் போயிருந்தேன். அம்மா கையை விரிக்கவில்லை. படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பிதான் கிட்டப் போய் அவரைச் சேர்த்துப் பிடித்தான். அம்மாவின் கைகள் கொஞ்சம் தயங்கின. பிறகு இடுப்பைச் சுற்றிப் போய் முதுகில் இறங்கின. ஒரு மரியே அல்ல, இரண்டு மூன்று சொல்லியிருப்பார். அம்மா விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோது, களவெடுத்தவள் போல நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. அம்மா மீண்டும் வீட்டுச் சாறியோடேயே நின்று அவனைக் கட்டிப்பிடித்தார்.

பிறகு ஒருநாள் அம்மா கிணற்றடியில் விழுந்தார். ஒரு பக்கக் கை கால் சோர்ந்துவிட்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் அவரோடு நான் நின்றேன். மூன்றாம் நாள் பேச்சுத் தெளிந்தது. தலைமயிரை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். "பிள்ளை" என்றார். "சின்னவனுக்குத் தைச்சுக் குடுத்தாய் எல்லே, அதைக் கொஞ்சம் இளக்கித் தை."

சீப்பை அவர் தலையிலிருந்து எடுத்தேன். "எதையம்மா?"

"நெஞ்சில கட்டியிருக்கிறது. பிடிக்கேக்க மூச்செடுக்கக் கஷ்டப்படுறான். காது வைச்சால் எனக்குக் கேக்கும்தானே."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். நல்ல காலம், அதைக் கட்டிக்கொண்டாவது தன்னைக் கட்டிப்பிடிக்க வருகிறானே என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நான் வேலையை விடுறன் அக்கா" என்றான். சொன்னபடி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தான். ஆனால் விட்டு வருவதற்கு மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில் அம்மாவை நான் தோட்டவெளி வீட்டுக்கு, அண்ணாவைக் கொண்டுபோன அதே வீட்டுக்கு, கூட்டிவந்திருந்தேன். இரண்டாவது தடவையும் இரத்தக் குழாய் அடைத்து, நினைவு தளரத் தொடங்கியது. என்னைச் சில நேரம் தன் தங்கச்சி என்று நினைத்தார்.

தம்பி வேலையை முடித்துக்கொண்டு, ஒரு பையோடு, பின்னேரம் வந்து இறங்கினான். அம்மா முன்வாசலுக்கு நேரே கதிரையில் இருந்தார். அவன் குனிந்து கட்டிப்பிடிக்கப் போக, அம்மாவின் நல்ல கை அவன் இடுப்பைத் தடவியது. பிறகு விலாவைத் தடவியது. சோதனைச் சாவடியில் தடவுவதுபோல மேலும் கீழும் தடவியது. தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓரடி பின்னால் வந்து, "ஒண்டுமில்லை அம்மா, பாருங்கோ" என்று சேட்டைத் தூக்கிக் காட்டினான்.

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. கதிரையோடு ஒட்டிக்கொண்டார். அப்படியொரு பணிவான குரலில் அம்மா கதைத்து நான் கேட்டதே இல்லை. "சேட்டைக் கீழ விடுங்கோ தம்பி. அதைக் காட்டாதேங்கோ. அவன் கொல்லைக்குள்ள நிக்கிறான். நான் கூப்பிடுறன். கேட்டுட்டு விட்டுடுவியள்தானே?" என்றார். பிறகு கொல்லைப் பக்கம் தலையைத் திருப்பி, அண்ணாவை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, சாப்பிடக் கூப்பிடுவதுபோல, "இஞ்ச வா அப்பன், உன்னைத் தேடி ஆக்கள் வந்திருக்கினம்" என்று கூப்பிட்டார்.

அப்படியென்றால் அண்ணாவைக் கொண்டுபோன அன்று ஒருவரும் கதவைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. சேட்டைத் தூக்கித் துவக்கைக் காட்டியிருக்கிறார்கள். ஒருவரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அம்மா கூப்பிட்டிருக்கிறார், அண்ணா வந்திருக்கிறான். எத்தனை கந்தோர்ப் படிகளில் ஏறி, எத்தனை பேருக்கு முன்னால் அந்த மற்றக் கதையைச் சொன்னார். அதற்குக் கீழே இதை வைத்துக்கொண்டா அவ்வளவு காலமும் எங்களைக் கட்டிப்பிடித்தார்? நான் அம்மாவின் கதிரையடியில் நிலத்தில் குந்தினேன்.

சேட்டின் கீழ்விளிம்பு இன்னும் தம்பியின் கைக்குள் இருந்தது. மெதுவாக விட்டான். பிறகு, வேறு யாருடையதோ போன்ற குரலில், "வேண்டாம் அம்மா, கூப்பிடாதேங்கோ. ஆள் மாறிப்போச்சு. நாங்கள் தேடினது உங்கட மகனை இல்லை. நாங்கள் போறம்" என்றான். திரும்பி, முன்வாசலால் இறங்கிப் போனான். பையையும் எடுக்கவில்லை.

"போயிட்டாங்களோ?" என்று அம்மா என்னைக் கேட்டார். "ஓம் அம்மா, போயிட்டாங்கள்" என்றேன். "மூத்தவன்?" "கொல்லைக்குள்ள நிக்கிறான்." அம்மா கண்ணை மூடினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சரியாக உறங்காதவர் அன்று விடியும்வரை உறங்கினார்.

அதற்குப் பிறகு அம்மா நாலு மாதம் இருந்தார். சில நாட்களில் அந்த ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று நடுங்குவார். நான் என்ன சொன்னாலும் கேட்கமாட்டார். தம்பி வரவேண்டும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். வந்து வாசலில் நின்று, அதே குரலில் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவான். மகன் என்று அம்மா அவனை ஒருநாளும் திரும்ப அடையாளம் காணவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. சவப்பெட்டியை மூடும் நேரம்தான் அவன் குனிந்து அம்மாவைப் பிடித்தான். பங்குத்தந்தை செபத்தை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவன் ஊரில், அம்மாவின் வீட்டில் இருந்துகொண்டு, இன்னொருவருடைய வள்ளத்தில் மீன் தொழிலுக்குப் போகிறான். நான் தோட்டவெளியில்தான். அம்மாவைப் பற்றி நிறையக் கதைப்போம். அந்த நாலு மாதத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் கடைசிக் கிழமையில் ஒருநாள் நடந்ததை நான் எழுதாமல் விடக்கூடாது. அன்றும் அவன் வந்து சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொடியன் நல்லவன், பிள்ளை" என்றார். "ஆரோ பெத்த பிள்ளை. வெயிலுக்குள்ளால வந்திருக்கிறான். ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பியிருக்கலாம்."

நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். அவன் தூரம் போகவில்லை. வழக்கம்போல வீட்டின் பக்கச் சுவரோடு முதுகைச் சாய்த்துக் குந்திக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். "அம்மா தரச் சொன்னவ" என்று நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான். ஆறவிடாமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.