தொட்டிக்குப் போன நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்

என் நாத்தனாருக்கு நாலு பிள்ளைகள். மூத்த இரண்டும் வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டன. கடைக்குட்டிப் பையன் பொக்லைன் ஓட்டுகிறான். நான் சொல்ல வந்தது மூன்றாவது பெண்ணைப் பற்றி. குறைமாதத்தில் பிறந்தவள், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். தங்காது என்று பிரசவம் பார்த்தவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண்தான் இன்றைக்குப் பாறையை அறுக்கிறாள்.

குவாரியில் இல்லை, பாறைச் சோதனைக்கூடத்தில். பெரிய கட்டடமோ பாலமோ எழுப்புகிறவர்கள் முதலில் பூமியில் துளை போட்டு, உள்ளே இருக்கும் பாறையை மணிக்கட்டுப் பருமனில் நீள நீள உருளையாக வெளியே எடுப்பார்கள். மரப்பெட்டியில் வரிசையாகப் படுக்கவைத்து அனுப்புவார்கள். அவற்றை அளவாக அறுத்து, இரண்டு முனையையும் வழவழவென்று தேய்த்துக் கொடுப்பது இவள் வேலை. பக்கத்து அறையில் அழுத்தும் மெஷின் இருக்கிறது. எவ்வளவு பாரத்தில் கல் உடைகிறது என்று அதன் முள் காட்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் வெளியில் வேலை நடக்கும்.

தம்பிக்காரன் அவளுக்கு 'ரம்பம்' என்று பெயர் வைத்திருந்தான். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்கிறவளுக்கு அந்தப் பெயர் வாய்த்ததே எங்கள் வீட்டில் பெரிய வேடிக்கை.

பதினாறு வருடத்தில் அவள் அறுத்த உருளை ஒன்றுகூட மெஷின் அறையிலிருந்து திரும்பி வந்ததில்லை. பருமனைப்போல இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும், கீறல் இருக்கக் கூடாது. அது விதி. அறுக்கும்போது பிளந்துபோனதெல்லாம் மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போகும். பெட்டியில் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஆழத்தை எழுதிவிடுவார்கள்.

அந்த வருடம் ஒரு மலையடிவாரத்தில் தண்ணீர் ஏற்றும் நிலையம் கட்டுவதற்காக மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பொக்லைன் ஓட்டியது அவள் தம்பியேதான். அந்த மலைக் கல்லும் இவளிடம்தான் வந்தது. மணல் இறுகிக் கல்லான பாறை, நடுநடுவே விரல் நகக் கனத்துக்குச் சாம்பல்நிறக் களிமண் வரி. முழுசாக நின்ற உருளைகளை மெஷினில் வைத்தார்கள், எல்லாம் மலைபோல் தாங்கின. வரும் திங்கட்கிழமை முதல் செங்குத்தாகவே வெட்டலாம் என்று அறிக்கையும் தயாராகிவிட்டது. பெரிய இன்ஜினியர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வியாழக்கிழமை தொட்டி நிரம்பிவிட்டது என்று இவள் அள்ளிக் கொட்டப் போனாள். கையில் எடுத்த துண்டைப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவை போல எல்லாம் ஒரே சாய்வில் பிளந்திருந்தன. பிளந்த முகத்தில் அந்தக் களிமண் வரி. விரலால் தொட்டால் சோப்புப் போல வழுக்கியது.

அப்படியே மேஜைமேல் உட்கார்ந்துவிட்டாளாம். கல் திடமாக இருக்கிற இடத்தை மட்டும் பொறுக்கி மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, எங்கே பிளக்குமோ அந்த இடத்தையெல்லாம் தொட்டியில் போட்டது அவள் கைதானே. உருளை திரும்பி வராததற்கு அவளைப் பாராட்டியவர்கள் எத்தனை பேர்.

அன்று சாயங்காலம் தம்பி அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மலைய வெட்டின முகத்துல கோடு கோடா தெரியுமே, அது எந்தப் பக்கம்டா சாஞ்சிருக்கு? மலைக்குள்ளயா, உன் பக்கமா?"

"என் பக்கந்தான். சறுக்குமரம் வச்ச மாதிரி இருக்கு. ஏன், வந்து சறுக்கி விளையாடப் போறியா?"

அவள் சோற்றை அள்ளி அவன் தட்டில் வைத்தாள். எனக்குப் பிற்பாடு விளக்கியது இப்படி: "அத்தை, தட்டுங்கள அடுக்கி மேலேர்ந்து அழுத்துனா தாங்கும். அதே அடுக்கச் சாய்ச்சு வச்சு அழுத்திப் பாருங்க. தட்டு உடையாது, வழுக்கிட்டுப் போயிரும். பாறையும் அப்படித்தான்."

மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். பிளந்த துண்டைச் சோதிக்க விதியில் இடமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். சரி, பிளக்காமல் அறுத்துக் கொடுத்தால் சோதிப்பீர்களா என்றாள். முடிந்தால் பார் என்றார், முடியாது என்கிற தைரியத்தில்.

அறுக்கும்போது ரம்பத்தில் விழும் தண்ணீர்தான் களிமண்ணைக் கரைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குழாயை மூடினாள். உருளையைச் சுற்றி இறுக்க டேப் ஒட்டினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நூல் நூலாக நகர்த்தினாள். ரம்பம் சூடேறினால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி. சோற்று நேரமும் அதிலேயே போனது. கடைசிப் பெட்டியில் அறுக்காமல் கிடந்த ஒன்பதில் இரண்டு மட்டும் வரியோடு முழுசாக நின்றன. தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவற்றைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரிய இன்ஜினியரிடம் போய் நின்றாள்.

முதலில் எப்போதும் போல வரியில்லாத உருளை ஒன்றை வைத்தார்கள். முள் ஏறி ஏறி, கடைசியில் வேட்டுப் போட்டதுபோல் வெடித்தது. அடுத்தது வரி போட்டது. முள் அதில் கால்வாசிகூட ஏறவில்லை. சத்தமே இல்லை. மேல்பாதி சாய்வாக வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவதை ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு ஏற்றச் சொன்னாள். மழை பெய்தால் மலையும் நனையும்தானே. அது முள் அசைந்ததும் போய்விட்டது.

இன்ஜினியர் அந்தப் பாதிகளை எடுத்து, வழுக்கிய முகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த மாதிரி எத்தனை துண்டும்மா தொட்டிக்குப் போச்சு?"

"நூத்திப் பன்னெண்டு சார். மரக்கட்டைய எண்ணிட்டேன். எல்லாம் என் கையால போட்டது."

அந்த இடத்திலிருந்தே அவர் மலைக்குப் போன் போட்டார். வண்டிகளெல்லாம் பின்வாங்கின. வேலையில்லாமல் உட்காரவைத்துவிட்டாள் என்று தம்பி வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒன்பதாம் நாள், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, மலை முகத்தின் ஒரு ஓரம் வீட்டளவுப் பாளமாக அப்படியே வழுக்கி இறங்கி, அவன் பொக்லைன் நின்ற இடத்தில் படுத்துக்கொண்டது. அங்கே ஒரு ஈ காக்காய் இல்லை. அன்று அவன் அறுக்கும் அறை வாசலில் வந்து நின்றானாம். கேலி எதுவும் இல்லை. உள்ளே வா, தூசி படும், மூக்கை மூடிக்கொள் என்று அவள்தான் சொன்னாள்.

பிறகு பாறை சாய்ந்த சாய்வுக்கே சரிவாக வெட்டி, அடுக்குகளைக் கோத்து நீள நீள இரும்புக் கம்பிகளை இறக்கினார்கள்.

புது அறிக்கையை எழுதும்போது, முதல் அறிக்கை ஏன் தப்பானது என்ற இடத்தில் 'அறுக்கும்போது பிளந்தவை ஒதுக்கப்பட்டன' என்பதை விட்டுவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னாராம். பதினாறு வருட நல்ல பெயருக்கு ஏன் ஒரு கறை என்பது அவர் எண்ணம். நல்ல மனுஷர்தான்.

"இருக்கட்டும் சார். யார் ஒதுக்கினாங்கன்னும் போடுங்க. எனக்கப்புறம் அறுக்க வர்றவங்க படிக்கணும்" என்றாள்.

போட்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரியை என்னிடம் காட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருத்தி செய்த தப்பு அச்சில் ஏறியிருக்கிறது. இதுவரை அறுபது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.