ஒற்றைச் சில்லும் நான் சொன்ன பரவாயில்லையும்

அந்தக் கருவியை முதன்முதலில் பார்த்தபோது செயலாளர் அக்கா சிரித்துவிட்டார். முன்னால் சைக்கிள் சக்கரம் போல ஒரே ஒரு சில்லு, பின்னால் இரண்டு நீளக் கைப்பிடிகள், நடுவில் அலகு மாட்டுவதற்கு ஓர் இரும்புத் துண்டு. கூடவே மூன்று அலகுகள் வந்திருந்தன. மண்ணைக் கிளற மூன்று பல் முள்ளு, புல்லைச் சீவத் தட்டைத் தகடு, சால் இழுக்க இரண்டு பக்கமும் விரிந்த கொழு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட ஒரு நட்டும் அதை முடுக்கும் ஒரு சாவியும் போதும். "மாடும் வேணாம், மிஷினும் வேணாம். நாமளே மாடு, நாமளே மிஷினு" என்றார் அக்கா. சுற்றி நின்ற பெண்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் விளையாட்டு மைதானத்தில், ஆறு வருடங்களுக்கு முன் நடந்தது இது.

நான் அப்போது அட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவன அலுவலகத்தில் கள உத்தியோகத்தன். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். ஆனால் டவுன் வேலையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் வந்த பிறகு எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் வந்துவிட்டிருந்தது. அக்கா பகலில் கொழுந்து பறிப்பவர். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மரக்கறித் தோட்டக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். லயத்துக்கு மேலே தேயிலை பட்டுப்போய்க் கிடந்த சரிவைக் குழுவுக்காகத் தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டு வாங்கியவரும் அவரே. மூன்று முறை தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று வாங்கினார். துரை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஒரு கூடை மண் லயத்துக்கு இறங்கினாலும் இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா அதைச் சொல்லித்தான் தொடங்குவார்.

பயிற்சியை மட்டமான மைதானத்தில் நடத்தினேன். கருவி பூப்போல ஓடியது. பெண்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போன பிறகு அக்கா மட்டும் என்னிடம் வந்தார். காலையில் கருவி வந்திறங்கிய கையோடு அதை மேலே கொண்டுபோய்ச் சரிவில் தள்ளிப் பார்த்திருக்கிறார். "தம்பி, குறுக்கால தள்ளுனா சாஞ்சிருது. மேலேருந்து கீழ நெடுக்கால தள்ளுனா நல்லாப் போவுது. அப்புடித் தள்ளலாமா?" என்று கேட்டார். மலையில் கீழ்நோக்கிச் சால் வெட்டக்கூடாது, மழை மண்ணை அரித்துவிடும் என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் ஒவ்வொரு கானும் சரிவுக்குக் குறுக்கேதான் ஓடும். எனக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்ததால்தான் கேட்டார். ஆனால் எனக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. "பரவாயில்லக்கா, இதுக்கு அலகு ஆழமாப் போகாது. தள்ளுங்க" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறிக்கைக்குப் படமெடுப்பதற்காகப் போனேன். இரண்டு நாளாக மழை விடவேயில்லை. லயத்தின் பின்புறம் ஏறி நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேருடைய பாத்திகளும் மேலிருந்து கீழே நேர்கோடாக ஓடின. ஒவ்வொரு சாலிலும் செந்நிறத் தண்ணீர் இறங்கி, லயத்துச் சுவரை ஒட்டியிருந்த கானில் விழுந்தது. கான் பாதிக்கு மேல் மண்ணால் தூர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு குடும்பம் வாழும் பன்னிரண்டு காம்பரா. எல்லாவற்றிலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்.

அக்கா எனக்கு முன்பே மேலே நின்றார். "நடுவுல குறுக்கால ஒரு கான் வெட்டி ஓடைக்குத் திருப்பி விடணும். வேற வழியில்ல" என்றார். குறுக்கே வெட்டினால் லீக்ஸ் நாற்று, கரட் நாற்று எல்லாம் போய்விடும். ஒருத்தி, "இன்னுங் கொஞ்ச நேரத்துல மழ விட்டுரும்க்கா" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அக்கா மம்பட்டியை எடுத்துத் தன் பாத்தியின் நடுவில் முதல் வெட்டைப் போட்டார். மற்றவர்களும் மம்பட்டிக்கு ஓடினார்கள்.

நான்கு மம்பட்டிகள் போதவில்லை. சில்லில் முள்ளுதான் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கொழுவை மாட்டும் வேலை எனக்கு. மழையில் எல்லாம் வழுக்கியது. நட்டு கை நழுவிச் சேற்றில் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவுகிறேன், கிடைக்கவில்லை. கீழே யாரோ, "தண்ணி கானுக்கு மேல வருது!" என்று கத்தினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அக்கா சாவியைப் பிடுங்கி, கைப்பிடியிலிருந்த ஒரு நட்டைக் கழற்றிக் கொழுவுக்குப் போட்டார். ஒரு கைப்பிடி கடகடவென்று ஆடியது. "பதறாதீங்க தம்பி, தள்ளுங்க" என்றார்.

குறுக்கே தள்ளியதும் கருவி கீழ்ப்பக்கம் சாய்ந்தது. அக்கா கொழுந்துக் கூடைக் கயிற்றை அவிழ்த்து வரச்சொல்லிச் சட்டத்தில் கட்டினார். மூன்று பெண்கள் மேற்பக்கம் நின்று அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். நானும் அக்காவும் தள்ளினோம். கொழு நாற்றுகளை வேரோடு புரட்டிக்கொண்டு போனது. பின்னால் மம்பட்டிகள் ஆழப்படுத்தின. பதினோராவது பாத்தியைத் தாண்டும்போது தண்ணீர் திரும்பி ஓடைப்பக்கம் ஓடத் தொடங்கியது. அதற்குள் ஐந்தாவது காம்பராவின் பின்கதவு வழியாகச் சேறு புகுந்துவிட்டது. அது அக்காவுடைய அண்ணன் வீடு. பிறந்து இருபது நாளான பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் மழையில் நின்றதை இப்போதும் பார்க்கிறேன். யாருக்கும் காயமில்லை. அரிசியும் துணிமணியும் போயின.

மதியம் துரை ஜீப்பில் வந்தார். எல்லோரையும் லயத்து முன்னால் நிற்க வைத்து, "யார் இப்படி மேலிருந்து கீழே சால் வெட்டச் சொன்னது?" என்று கேட்டார். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். வாயைத் திறக்க எனக்கு நேரமிருந்தது, நிறைய நேரம். அக்கா என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நாந்தாங்க தொரை சொன்னேன். இவுங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்றார். அவருடைய பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பதினொரு பேருக்கும் இடம் மிஞ்சியது. அண்ணன் தங்கையைத் திரும்பியும் பார்க்காமல் சேற்றை அள்ளப் போய்விட்டார்.

பஸ் வரும் இடம்வரை அக்கா என்னோடு நடந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. "ஒங்க பேரச் சொன்னா ஒங்க ஆபீஸோட சங்காத்தமே வேணாம்னு தொரை எல்லாத்தையும் புடுங்கிருவாரு. எம்பேரச் சொன்னா எனக்கு மட்டுந்தான போவும்" என்றார். மறுநாள் அலுவலக அறிக்கையில், பயனாளிகள் கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதால் மண்ணரிப்பு ஏற்பட்டதாக எழுதினேன். நல்ல அறிக்கை என்றார்கள். அடுத்த வருடம் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வேலைக்காக அல்ல. சரிவில் பதினொரு பாத்தியும் குறுக்கே வெட்டிய கான்களோடு பச்சையாக நின்றன. அக்காவிடமிருந்து எடுத்த துண்டு நிலத்தில் மானாப்புல் இடுப்பளவு. அக்கா எட்டாவது காம்பராவின் இஸ்தோப்பில், திறந்த முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்து, "வாங்க தம்பி" என்றார். பால் இல்லாத பிளேன்டி வந்தது. குடிக்காமலே சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் பேசியிருக்கணும். தப்பு என்னோடது."

"அது எனக்குத்தான் தெரியுமே" என்றார், சுளகைக் கீழே வைக்காமல். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அண்ணன் எங்கூடப் பேசி ஆறு வருசமாச்சு. கடைசி மக கல்யாணத்துக்கும் கூப்புடல. அஞ்சாவது காம்பரா. இப்ப வீட்டுலதான் இருக்காங்க."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்து நடந்தேன். மூன்று கதவு தூரம் அத்தனை நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொன்னேன். மைதானத்தில் அக்கா கேட்டதையும், நான் பஸ்ஸுக்காகச் சொன்ன பதிலையும், துரைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. என்னைத் தாண்டி, எட்டாவது காம்பராப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்று அங்கிருந்தே தங்கையைக் கூப்பிட்டார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"