ஒரு பிடி அரிசி

இன்று பொங்கல். குடும்பம் யாழ்ப்பாணத்தில். நான் முல்லைத்தீவு ஆஸ்பத்திரி வார்டில், நர்ஸ் டியூட்டியில்.

காலையில் அம்மா வீடியோவில் அழைத்தார். பால் பொங்கியதும் அப்பா முதல் பிடி அரிசியைப் பானையில் போட்டார். பிறகு தம்பி.

"உன்ரை பிடியையும் நானே போடுறன் பிள்ளை" என்றார் அம்மா.

என்னை அறியாமலே என் கையும் பொத்தியபடி போனுக்கு மேலே போய் நின்றது.

முதல் கட்டிலில் படுத்திருந்த ஐயா கண்டுவிட்டார். "என்ன மிஸி, எனக்கு மருந்துக் குளிசையோ?"

"இல்லை ஐயா, அரிசி."

"எங்கை, காட்டுங்கோ."

விரித்துக் காட்டினேன். வெறுங்கை. அவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் அம்மாவின் செய்தி வந்தது: "பொங்கல் புக்கை மிஞ்சிக் கிடக்கு. ஒரு பிடி கூடிப்போச்சு."

இன்று வேலையில் நிற்பவர்களே, உங்கள் வீட்டில் எவ்வளவு மிச்சம்?