ஆமைக்கு வெயில்

எனக்கு ஆமை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி நாலாம் மாதம், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து என் கணவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு வாங்கி வந்தார். மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியூர். "நான் இல்லாதப்ப உனக்குத் துணையா இருக்கும்" என்றார். உள்ளங்கையளவு தண்ணீர் ஆமை எனக்கு என்ன துணை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். ஓர் அறை, சமையலறை, பாத்ரூம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவர் ஊரில் இல்லாதபோது நான் தனியாக வெளியே போவது அவருக்குப் பிடிக்காது. முன்பக்கத்து ஹவுஸ் ஓனர் மாமி கேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் செருப்பை மாட்டினால் போதும், "எங்கம்மா கிளம்பிட்டே?" என்று குரல் வரும். அந்த மாமிக்கு ஆமை என்ற பேச்சே ஆகாது. வீட்டுக்குக் கெடுதல் என்று நம்புகிறவர். அதனால் ஆமையை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டுப் பாத்ரூமில் ஒளித்து வைத்தேன். ஜன்னல் இல்லாத பாத்ரூம். தினம் ஒரு பிடி சாதம் போட்டேன்.

இரண்டு மாதத்தில் அதன் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. ஓட்டை அழுத்தினால் அமுங்கியது. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது. பிடிக்காத பிராணிதான், ஆனாலும் என் பொறுப்பில் சாகிறதே என்று பயந்துபோனேன். பல் வலி என்று மாமியிடம் புளுகிவிட்டு, கூடையில் வைத்துத் தாம்பரத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் எருமைக் கன்றோடு நின்றிருந்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆமையா? இதுக்கு இன்னா கீது?"

"கண்ணு தெரியலை அண்ணா."

"பேஜார்தான் போ" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். என்ன போடுகிறீர்கள் என்றார், அதையும் சொன்னேன். "சாதமா?" என்று நிமிர்ந்தார். "கீரை, புழு எல்லாம் குடுங்க. சொட்டு மருந்து தரேன். ஆனா முக்கியமா வெயில் வேணும்மா, தினம் ஒரு மணி நேரமாவது. இருட்டுலயே வச்சா பிழைக்காது." எனக்குச் சுருக்கென்றது.

வெயில் மொட்டை மாடியில் இருந்தது. மாடிக் கதவின் சாவி மாமியின் இடுப்பில் இருந்தது. ஆமை கண்ணில் பட்டால் அன்றைக்கே காலி செய்யச் சொல்வார். மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். நாலாம் நாள் மாமி ஜவ்வரிசி வாங்கி வந்தார். சித்திரை மாதம், வடாம் போடும் காலம். முழங்கால் வலியோடு மாடியில் உட்கார்ந்து அவரால் காக்கை விரட்ட முடியாது. "நான் பாத்துக்கறேன் மாமி" என்று நான் சொன்ன வேகத்தில் அவரே அசந்துபோனார். சாவி என் கைக்கு வந்தது.

அப்புறம் ஆறு வாரம் நான் வடாம் காவல்காரி. கூழ்ப் பாத்திரத்தோடு, முந்தானைக்குள் ஆமையும் மாடியேறும். பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து வடாம் இடுவேன். காக்கையை மிரட்ட ஒரு கறுப்புக் குடை. அதன் பின்னால் பேசினில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஆமை. எதிர்வீட்டு மோர் மிளகாயும் என் தலையில் வந்து விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே காயவைத்தேன். ஆனால் மாடியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு தெரிந்தது. மின்சார ரயில் தெரிந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தெரிந்தன. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. ஆமைக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் வலது கண் திறந்தது. அடுத்த வாரம் இடது கண். மிளகு போன்ற இரண்டு கண்களும் என்னைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடிப்போய் அதற்குக் கீரை எடுத்து வருவதற்குள், கண் தெரிந்த ஆமை பேசினை விட்டு ஏறி இறங்கி, ஈர வடாத்தின் மேல் நெடுக நடந்து போயிருந்தது. அன்றைக்கென்று பார்த்து மாமியும் மாடியேறி வந்துவிட்டார். தடத்தைப் பார்த்தார். தடம் முடிந்த இடத்தில் ஆமையைப் பார்த்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இன்னிக்கே இது போகணும். இல்லேன்னா நீங்க போகணும்" என்றார்.

அன்று நான் செருப்பு மாட்டியபோது எங்கே என்று மாமி கேட்கவில்லை. கேட்டை அவரே திறந்துவிட்டார். சிட்லபாக்கம் ஏரிக்கு நடந்தேன். கரையில் இறக்கி விட்டதும் கழுத்தை நீட்டி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் போய்விட்டது. கண் தெரிகிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமி கையை நீட்டினார். "மாடிச் சாவியைக் குடும்மா. வடாம் போட்டது போதும்."

கொடுத்தேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியூரிலிருந்து கணவர் வந்தபோது அவரிடமும் அழுதேன். ஆமைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சந்தையில் வேறொன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்.