பாக்கெட்டில் பென்சில் சீவல்

என் மனைவி வாயில் ஒரு ரகசியம் அரை நாள் தங்கினாலே அதிசயம். எங்கள் தையல் கடையில் அளவெடுத்துக்கொண்டே யார் வீட்டுக் கதையையும் கறந்துவிடுவாள். நான் பொத்தான் தைத்தபடி கேட்டுக்கொள்வேன். அந்த வாய்க்காக முப்பது வருடமாக அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே மாதத்தில் மூன்றாம் தடவையாகப் பள்ளிச் சீருடையின் பாக்கெட்டைத் தைக்கக் கொண்டுவந்தாள். "துணி மேல அக்கறையே இல்லன்னு அம்மா திட்டுறாங்க ஆன்ட்டி," என்றாள், தரையைப் பார்த்தபடி.

மனைவி பாக்கெட்டை வெளியே புரட்டினாள். மூலையில் பென்சில் சீவலும் மிட்டாய்த் தாளும் ஒட்டிக்கிடந்தன.

"கை விட்டு விட்டு நைஞ்சிருந்தா வாய்ப்பக்கம்தான் கிழியும். இது அடியோட பிச்சிருக்கு. யாரும்மா இழுக்குறது?"

அந்தப் பெண் பாக்கெட்டை உள்ளே திணித்தபடி சொன்னாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் குப்பைத்தொட்டி. போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் பாக்கெட்டில் குப்பை போடுவார்களாம். இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிடித்து இழுப்பார்களாம். மத்தியானம் சாப்பாடு இறங்குவதில்லை. முன்பெல்லாம் கேள்வி முடிவதற்குள் கை தூக்கியவள், இப்போது விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க ஸ்கூலுக்கு வந்து கேட்டா இன்னும் அதிகமாப் பண்ணுவாங்க."

"சொல்ல மாட்டேன்டா கண்ணு."

மூன்று நாள் சொல்லவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள். நான் சிரித்ததும் கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி வைத்தாள். "அந்தப் புள்ள உள்ளுக்குள்ளயே வெந்துட்டு இருக்கு. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

நாலாம் நாள் கடையை என் தலையில் கட்டிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனாள். வாய் அடங்காதவளைக் கட்டிக்கொண்டதற்கு அன்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் விடுவிடுவென்று கடைக்குள் வந்தாள். "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். வாக்குத் தவறிட்டேன். எவ்வளவு வேணும்னாலும் கோவப்படு." மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அம்மா திட்டவே இல்ல. என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் டீச்சரைப் பார்க்கப் போறோம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. உங்க மேல கோவமும் இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து என் மனைவியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.