கறுப்பு டேப்பும் காரின் கதவும்

ஹட்டனில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் காருக்கு பிரேக் வேலை செய்து முடித்ததும், சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. மழை ரோட்டில் கார் வழுக்காமல் பிடிக்கிற சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரிக் கார் எனக்குப் புதிது. நாள் முழுக்கத் தேடியும் காரணம் அகப்படவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, மீட்டரைக் கழற்றி அந்த லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பின்சீட்டில் ஏறினார்கள். கதவை நான்தான் சாத்தினேன்.

அந்த நேரம் என் மனைவி மகளோடு குடை பிடித்துக்கொண்டு, கினிகத்தேனையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள்.

“மழைக்குள்ள ஏன் பஸ்ஸில? நாங்களும் அங்கதான் போறம். ஏறுங்கோ தங்கச்சி” என்றார் ஆசிரியர்.

பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். என் மகள் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள். கார் நகர்ந்தது. நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

“சேர், நிப்பாட்டுங்க. மீட்டர்ல ஒரு லைட் அணையாம எரியுதுங்க. நான் டேப் ஒட்டி மறைச்சு வச்சிருக்கேன்.”

நான் பின்கதவைத் திறந்தேன். அவர் இறங்கி வந்து சாவியைத் தந்தார். இந்த முறை நாலு சக்கரத்தையும் ஒவ்வொரு சில்லாகக் கழற்றிப் பார்த்தேன். பிரேக்கைப் பிரிக்கும்போது நானே நசுக்கிய சென்சர் வயர் பின்சில்லில் கிடந்தது.

மீட்டரைத் திறந்து டேப்பை உரித்தேன்; வயரை மாற்றியதும் லைட் அணைந்தது. போகும்போது ஆசிரியர், “நீங்களாவே சொன்னீங்கள். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்றார்.

நான் தலை குனிந்துகொண்டேன். அவருடைய பிள்ளைகளுக்குச் சாத்திய கதவை, என் பிள்ளைக்காகத்தான் திறந்தேன்.