வலது தோளில் ஒரு மச்சம்

புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜெயிலை விட்டுப் போகிற பெண்களுக்கு அடையாளச் சீட்டு எழுதுவது என் வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே கல்யாணமாகும் வரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் இங்கே சப் ஜெயிலில் வார்டர். பெண் கைதிகளை ஆண்கள் தொடக்கூடாது என்பதால், யாராவது பெண் வந்தால் வார்டர் பெண்சாதியைக் கூப்பிடுவார்கள். மதுவிலக்கு வந்த பிறகு, மைசூர்ப் பக்கத்திலிருந்து சாராயம் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிற பெண்களுக்குக் குறைச்சல் இல்லை. நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத வரும். ஆனால் எதிரே நிற்கிறவர்களைப் பார்த்துப் பேச வராது. என்னைப் போல வெட்கத்தையும் வேலையையும் ஒரே இடுப்பில் சுமக்கிறவர்களுக்கு இது புரியும்.

முதல் நாள்

உள்ளே வரும்போதே உடம்பில் இரண்டு அடையாளம் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெளியே போகும்போது அதையே சீட்டில் எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் வந்தவள் உத்தனப்பள்ளிக்காரி, என் அம்மா வயசு. சாக்குத் திரைக்குப் பின்னால் அவளை நிற்க வைத்துவிட்டு, சேலையை விலக்கச் சொல்ல வாய் வராமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். பாதிப் பென்சில் தீர்ந்துவிட்டது.

அவளே முழங்கையைக் காட்டினாள், பிறகு முதுகை. "இது மாடு முட்டினது, இது எம்மாமியா சூடு வெச்சது. ரெண்டு எழுதிக்க. மிச்சத்த அடுத்த தடவைக்கு வெச்சிரு" என்றாள்.

அவர் சொன்னது

அன்று சாயங்காலம் களி கிண்டும்போது, இந்த மச்சம் தழும்பெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். போகிற வழியில் போலீஸ் நிறுத்தினால், தப்பி ஓடி வந்தவள் இல்லை, தண்டனை முடித்தவள் என்று காட்ட அந்தச் சீட்டு ஒன்றுதான் இருக்கிறதாம். ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி வந்து ஜெயிலில் இருந்துவிட்டுப் போவதும் நடக்கிறதாம்.

கடைசியில் அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் வயிற்றில் கிடக்கிறது. "எழுத்தும் உடம்பும் ஒத்துப்போவலன்னா அவளுக்கு மறுபடி உள்ள, எனக்கு வேல இல்ல."

பார்க்காமல் எழுதியது

இவ்வளவு கேட்ட பிறகும் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வேப்பனப்பள்ளி நாகம்மா, என் வயசுதான். நான்கு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைந்து, இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டு நின்றாள். என் பெண் பக்கத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் ஒரு வெட்டுத் தழும்பு தெரிந்தது, அதை எழுதினேன். இரண்டாவதற்கு அந்தக் கையை விலக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'வலது தோளில் ஒரு மச்சம்' என்று எழுதி மூடிவிட்டேன்.

நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறவள். அவள் காதில் விழுந்துவிட்டது. "எனக்கே தெரியாத மச்சமா இருக்குதே தாயி" என்றாள்.

விடுதலை நாள்

அவள் போகிற அன்று பார்த்து, ஜெயிலுக்கு மாற்றலாகி வந்த புது அதிகாரி ஐயா வந்து உட்கார்ந்திருந்தார். அதுவரை யாரும் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்ததில்லை. அவர் திறந்தார். "அடையாளத்த ஒருவாட்டி சரிபார்த்துட்டு வந்து சொல்லும்மா, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார். வெளிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் குழந்தையோடு நின்றிருந்தாள். அது அழுகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

திரைக்குப் பின்னால் நாகம்மா தோளைக் காட்டினாள். கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. இல்லை என்று சொன்னால் விசாரணை, அவள் போக முடியாது. இருக்கிறது என்று சொல்லி ஐயா வேறு யாரையாவது விட்டுப் பார்க்கச் சொன்னால்? அவள் என் முகத்தைப் பார்த்தாள், ரேகை வைக்கிற மைப்பெட்டியைப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் மையைத் தொட்டுத் தோளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். நான் வெளியே போய், தரையைப் பார்த்தபடி, "இருக்குதுங்க" என்றேன். ஐயா கையெழுத்துப் போட்டார்.

சீட்டை வாங்கி மடியில் சொருகும்போது அவள் என் காதோரம் கேட்டாள். "வேர்வையில அழிஞ்சா நீ வந்து இன்னொண்ணு வெச்சுட்டுப் போவியா தாயி?"

பஸ் சத்தம்

அன்றிலிருந்து வேப்பனப்பள்ளி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கை ஓடுவதில்லை. அவளை இறக்கிக் கூட்டிவருகிறார்களோ என்று ஜன்னலில் போய் நிற்பேன். சோறு இறங்கவில்லை, பெண்ணுக்குப் பாலும் குறைந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லத் தைரியமில்லை. செக்போஸ்டில் பெண்களின் தோளைப் பார்ப்பார்களா என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆம்பள போலீசு தோளப் பாப்பானா? ஆமா, நீ எதுக்கு அதக் கேக்கற?"

அவர் தட்டில் இன்னொரு உருண்டை களியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு மாதம் ஆயிற்று, பயம் கொஞ்சம் தெளிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது அவர் வாசலில் வந்து கூப்பிடுகிறார். வேப்பனப்பள்ளி நாகம்மாவைச் சாராயக் கேஸில் மறுபடி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களாம். புது ஐயா பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை உடனே வரச் சொல்கிறாராம். இந்த வேலையைப் பற்றி மொத்தத்தில் சொல்வதானால், அடுத்தவள் உடம்பைப் பார்க்க வெட்கப்பட்ட ஒருத்தி, கடைசியில் தன் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று... மறுபடி கூப்பிடுகிறார், மிச்சம் அடுத்த தடவைக்கு.